பழைய டீவிக்கு இரண்டு இலக்கம்

வாப்பா 1984இல் சவூதியிலிருந்து கொண்டுவந்த கலர் டீவியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு அதில் படமும் நின்றுவிட்டது. திருத்துகிற பாஸ் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "செசி நம்பர் என்ன?"

பின் மூடியில் ஒட்டியிருப்பது மொடல் இலக்கம். உள்ளே இருக்கிற போர்டுக்கும் சட்டகத்துக்கும் வேறு இலக்கம். அதுதான் செசி இலக்கம். சேர்கிட் படம் தேடுவதும் ஃப்ளைபேக் வாங்குவதும் அதை வைத்துத்தான். ஒரே வகுப்பில் மூன்று முஹம்மது இருந்தால் நாங்கள் சுட்டெண்ணைத்தானே பார்க்கிறோம்?

முன்னால் இருக்கிற பெயரை நம்பவே முடியாது. இங்கிலாந்தில் தோர்ன் கம்பனியின் 3000 என்ற ஒரே செசி ஃபேர்கசன், எச்.எம்.வி., அல்ட்ரா, மார்கோனிபோன் என்று பல பெயர்களில் விற்பனையானது.

மறுபக்கம், பார்க்க ஒரே மாதிரியான பெட்டிகள் உள்ளே வேறு வேறாக இருக்கும். அந்தக் காலத்தில் சவூதியில் கலர் ஒளிபரப்பு சீகாம் முறையில். 1982இல் தொடங்கிய நமது ரூபவாஹினியோ பால் முறை (குடிக்கிற பால் அல்ல). வாப்பாவின் பெட்டியில் இரண்டும் இருந்தன. எங்கள் தெருவில் இன்னொருவர் அச்சொட்டாக அதே போன்ற ஒன்றைச் சுமந்து வந்தார். அதில் சீகாம் மட்டும். சத்தம் வந்தது, படம் வந்தது, கலர் மட்டும் கடைசிவரை வரவில்லை. மனுஷன் பட்ட கவலை! லண்டன் பெட்டிகளின் கதை வேறு: அங்கே சத்தத்துக்கான இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. படம் விழுந்தாலும் சத்தம் சரிவராது.

படக்குழாயிலும் ஓர் இலக்கம் உண்டு. ஜப்பான் குழாயில் 510 என்று தொடங்கினால் மூலைக்கு மூலை 510 மில்லிமீற்றர். ஐரோப்பியக் குழாயில் அதையே ஏ51 என்று சென்ரிமீற்றரில் போடுவார்கள். ஆனால் குழாயை யாராவது இடையில் மாற்றியிருக்கலாம். அதை வைத்துச் செசியை முடிவுசெய்ய வேண்டாம்.

தேடுகிறவர்கள் போர்டின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்து, சட்டகத்தில் குத்திய எழுத்து, மூடியின் உட்பக்க லேபல் மூன்றையும் பாருங்கள். மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கலர் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கி நிற்கும். சில பழைய பெட்டிகளில் சட்டகமே நேரடியாக மெயின் கரண்டோடு தொடுக்கப்பட்டிருக்கும்.

எங்களுடையதை பாஸ்தான் திறந்தார். தூசியைத் துடைத்ததும் போர்டின் ஓரத்தில் இலக்கம் தெரிந்தது. சேர்கிட் படமும் கிடைத்துவிட்டது. போனது ஃப்ளைபேக் என்கிறார். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாகக் கேட்டுவிட்டோம், இல்லை. போர்டின் படத்தைக் கீழே போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி ஏதும் கிடந்தால், வெளிப் பெயர் எதுவானாலும் பரவாயில்லை, உள்ளே இதே இலக்கமா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்த்துச் சொல்லுங்கள். உம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.