கத்தியில பேர் போடாத கொல்லர்

1/ அமெரிக்காவுல அட்லாண்டா நகரத்துல வருஷா வருஷம் 'பிளேடு ஷோ'ன்னு ஒரு கத்திக் கண்காட்சி நடக்குது. செஞ்சவங்களே மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. சேகரிக்கிறவங்க அலகுல இருக்கிற முத்திரையைப் பாத்து, யார் கை வேலைன்னு தெரிஞ்சுதான் வாங்குவாங்க. நம்ம ஊர்ல அப்படி உண்டா? என் கணக்குல உண்டு: வடலூர் தைப்பூசம்.

2/ நெய்வேலியில வேலை பாக்குற எனக்கு வடலூர் பக்கம்தான். ஜோதி தரிசனத்துக்கு வர்ற கூட்டத்தை நம்பி ரோட்டோரம் கடை விரிக்கிறவங்கள்ல ஒரு கொல்லரும் உண்டு. கொல்லாமை சொன்ன வள்ளலார் ஊர்ல கத்திக் கடையான்னு சிரிக்காதீங்க. 1867-ல அவர் தொடங்கின தருமசாலையில அடுப்பு இன்னைக்கும் எரியுது. அடுப்பு எரிஞ்சா காய் நறுக்கணும்ல.

3/ சாக்கு மேல என்ன இருக்கும்? அரிவாள்மனை, களைக்கொத்து, பலாப்பழம் அறுக்க நீளக் கத்தி, முந்திரிக் கிளை கழிக்க வளைஞ்ச அரிவாள். பண்ருட்டி பலாவும் இந்தப் பக்கத்து முந்திரியும்தான் இவருக்குச் சோறு.

4/ இரும்பு எங்கேருந்து? பழைய லாரிப் பட்டை. பழுக்கக் காய்ச்சி அடிச்சு, வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணியில தோய்ப்பார். வாய் கெட்டியாகும், முதுகு இளக்கமா நிக்கும். முழுசும் கெட்டியானா ஓங்கி வெட்டும்போது உடைஞ்சிடும். கரி? மரக்கரிதான். நம்ம பழுப்பு நிலக்கரியில ஏறக்குறைய பாதி ஈரம், உலைக்கு ஆகாது.

5/ நான் ஆபரேஷனுக்கு எடுக்கிற 15-ஆம் நம்பர் பிளேடு ஒரு நோயாளியோட குப்பைக்குப் போயிடும். இவர் கத்தி சாணை பிடிச்சுப் பிடிச்சு ஒரு தலைமுறை ஓடும்.

6/ எங்க தொழிலுக்கும் இவர் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. தென்னிந்திய உலைகள்ல செஞ்ச 'வூட்ஸ்' எஃகு மாதிரியை 1794-ல லண்டனுக்கு அனுப்பினது பம்பாயில இருந்த ஹெலினஸ் ஸ்காட்ங்கிற டாக்டர். 1795-ல அதை ஆராய்ஞ்சு ராயல் சொசைட்டியில கட்டுரை கொடுத்த ஜார்ஜ் பியர்சனும் டாக்டர். அந்த எஃகுல அறுவைக் கருவி செஞ்சு வித்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். மூணு பேர் பேரும் இருக்கு. உருக்கினவர் பேர் மட்டும் இல்ல.

7/ அதனாலதான் போன தடவை கேட்டேன், "ஐயா, உங்க கத்தியில ஏன் பேர் போடுறதில்ல?"

8/ "எங்கப்பா ஒரு எழுத்து குத்துவார் சார். நானும் குத்துனேன். ஒரு கேஸ்ல நம்ம எழுத்து போட்ட அருவா சிக்கிச்சு. மூணு நாள் ஸ்டேஷனுக்கு அலைஞ்சேன். அத்தோட விட்டுட்டேன். நீங்களும் போட்டோ கீட்டோ போட்டுறாதீங்க."

9/ 2021-ல தமிழ்நாடு போலீஸ், அரிவாள் செய்யுற பட்டறைகள் வாங்குறவங்க விவரத்தை எழுதி வைக்கணும்னு சொல்லிச்சு. வெட்டுப்பட்டு வர்றவங்களைத் தைக்கிற நான் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் தைக்கிற விரல் காயங்கள்ல அதிகம் சமையல்கட்டுல பட்டது. மொட்டைக் கத்தியை அழுத்தி, அது வழுக்கி வெட்டினது. அதுக்கு மருந்து நல்லா தீட்டின கத்தி. அதைச் செய்யுறவரும் இவர்தான்.

10/ எவர்சில்வர் பாத்திரத்துல வாங்கினவர் பேர் வெட்டித் தர்ற ஊர் நம்மது. அட்லாண்டாவுல விலையை ஏத்துற முத்திரை, இங்க செஞ்சவரை ஸ்டேஷன்ல உக்கார வைக்குது. அதனால அவர் பேரை நானும் எழுதல.

11/ அடுத்த சந்தையில, திருவிழாவுல கொல்லர்கிட்ட ஒரு கத்தி வாங்குங்க. நகத்தால சுண்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். பேரம் பேசாதீங்க. வீட்டுல பாட்டி காலத்து அரிவாள்மனை இருந்தா அலகைத் துடைச்சுப் பாருங்க. ஒரு எழுத்தோ, மூணு புள்ளியோ இருக்கலாம். அது கடைப் பேர் இல்ல, ஒரு மனுஷன்.