புன்னகைச் சகோதரியின் பாட்டு

1963-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், உரோமையில் கூடியிருந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தன் முதல் ஏடாகிய திருவழிபாட்டுச் சட்ட விளக்கத்தை உலகிற்கு அளித்தது. இறைமக்கள் தத்தம் தாய்மொழியில் ஆண்டவரைப் பாடிப் புகழ அன்றுதான் அகன்ற வழி திறந்தது. அதற்கு மூன்றாம் நாள், டிசம்பர் 7 தேதியிட்ட அமெரிக்கப் 'பில்போர்டு' இதழின் பாடல் வரிசையில், எவரும் எதிர்பாராத ஒரு பாட்டு முதலிடத்தில் நின்றது. பாடியவர் ஒரு கன்னிகை. பாட்டின் மொழியோ பிரெஞ்சு. பாட்டுடைத் தலைவர் புனித தொமினிக். நம் முன்னோர் 'சாமிநாதர்' என்று அழகுறத் தமிழ்ப்படுத்திப் பிள்ளைகளுக்குப் பெயராகவும் சூட்டி மகிழ்ந்த அதே புனிதர்.

நான்கு வாரம் அப்பாட்டு முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. அது இடம்பெற்ற பெரிய இசைத்தட்டும் அதே வேளையில் தட்டுகளின் வரிசையில் முதலிடம் ஏறி, பத்து வாரம் அங்கேயே நிலைத்தது. நவம்பர் 22-இல் தங்கள் அதிபர் கென்னடியைப் பறிகொடுத்துத் துயரில் ஆழ்ந்திருந்த ஒரு நாடு, தனக்குப் புரியாத மொழியில் ஒரு கன்னிகை பாடிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது. 1964 பிப்ரவரி முதல் நாள் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் அதே வரிசையில் முதலிடம் ஏறினர். பிறகு கதையே வேறு.

அக்கன்னிகையின் பெயர் ஜானின் டெக்கர்ஸ். 1933-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1959-இல், வாட்டர்லூப் போர்க்களத்தை அடுத்த ஃபிஷர்மோன் மடத்தில், தொமினிக்கன் மறைபரப்புக் கன்னியர் சபையில் சேர்ந்து, சகோதரி லூக் கபிரியேல் என்னும் பெயர் ஏற்றார். கையோடு ஒரு கிதாரையும் கொண்டு சென்றார். அதற்கும் 'சகோதரி ஆதேல்' என்று பெயரிட்டிருந்தாராம்! மடத்திற்குத் தியானம் செய்ய வரும் இளம் பெண்களிடையே, தாமே இயற்றி மெட்டமைத்த பாடல்களை அவர் பாடினார். கேட்டவர்கள், வீட்டிற்கு எடுத்துச் செல்ல இவை கிடைக்குமா என்று வினவத் தொடங்கினர். வருவோர்க்குக் கொடுக்கச் சில தட்டுகள் பதித்து வைத்தால் போதும் என்பதே மடத்தாரின் எண்ணம். அந்நோக்கத்தோடுதான் 1961-இல் பிரசெல்சு நகரத்துப் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றனர். சந்தையை மனத்திற்கொண்டு அன்று.

ஆனால், ஒலிப்பதிவைக் கேட்ட நிறுவனத்தார்க்கு அது வெறும் மடத்துப் பாட்டாகத் தோன்றவில்லை. வணிகத்திற்கு வெளியிட விரும்பினர். ஒப்பந்தம் ஆயிற்று. சகோதரியின் பெயரோ படமோ வெளிவரலாகாது என்று ஏற்பாடாயிற்று. ஒரு பெயர் வேண்டுமே என்று 'சேர் சூரீர்', அதாவது புன்னகைச் சகோதரி, எனப் புனைந்தனர். அமெரிக்காவில் அதுவே 'பாடும் கன்னிகை' ஆயிற்று.

பாட்டின் வெற்றிக்குக் காரணம் என்ன? மூன்று நிமிடமும் நிறையாத பாட்டு. ஒரு கிதார், ஒரு தெளிந்த குரல், பல்லவியில் சேர்ந்துகொள்ளும் மற்றச் சகோதரிகள், அவ்வளவே. அடிக்கடி திரும்பி வரும் அப்பல்லவியைக் குழந்தையும் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லும். நான் குருமடத்தில் பயின்ற காலத்தில் ஒரு தேய்ந்த ஒலிநாடாவில் இதனைக் கேட்டிருக்கிறேன். எங்களுள் பிரெஞ்சு அறிந்தவர் எவருமில்லை, ஆயினும் அன்று மாலையே பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மெட்டு ஒலித்தது. பாட்டின் பொருளும் எளியதே: ஏழையாய், கால்நடையாய், பாடிக்கொண்டே ஊரூராய்ச் சென்று ஆண்டவரைப் பற்றியே பேசிய ஒரு மனிதர். மெய்யான சாமிநாதரும் அத்தகையவரே. மாணவராயிருந்தபோது ஸ்பெயினில் பஞ்சம் வர, தாம் குறிப்பெழுதி வைத்திருந்த அருமையான தோல் ஏடுகளை விற்று ஏழைகளுக்கு உணவளித்தார் என்று அவருடைய வரலாறு கூறும். அப்படிப்பட்டவரைப் பற்றிய பாட்டு ஈட்டிய பெரும் பணம், பாடியவர் வாழ்வைப் பின்னர் எப்படிக் கலைத்தது என்பதே நாம் இங்கு எண்ண வேண்டியது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற எட் சல்லிவன் மடத்திற்கே வந்து படம்பிடித்துச் சென்றார். 1964 சனவரி 5-இல் அது ஒளிபரப்பாயிற்று. அதே ஆண்டில் கிராமி விருது வந்தது. 1966-இல் ஹாலிவுட்டார் டெபி ரெனால்ட்சை நடிக்க வைத்து ஒரு படமே எடுத்தனர். சகோதரியோ அதனைக் கற்பனை என்று ஒதுக்கினார். வருவாயில் நிறுவனத்தின் பங்கு போக எஞ்சியது சபைக்குச் சென்றது. சகோதரியின் கையில் ஒரு காசும் தங்கவில்லை. இதில் அநீதி ஏதும் இல்லை என்பதை வாசகர்கள் முதலில் தெளிய வேண்டும். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த துறவி தம் உழைப்பால் ஈட்டுவது சபைக்கே உரியது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதுவே, இன்றைய 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 668-ஆம் எண்ணும் அதுவே. கிதாருடன் பாடும் சகோதரிக்கும், அடுக்களையில் கிழங்கு உரிக்கும் சகோதரிக்கும் ஒரே பாத்திரத்தில்தான் உணவு.

இடர் பின்னரே வந்தது. லூவேன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயில அனுப்பப்பட்ட அவர், மடத்து வாழ்வின் கட்டுப்பாடுகளோடு ஒத்துப்போக இயலாமல் 1966-இல் சபையை விட்டு வெளியேறினார். 'புன்னகைச் சகோதரி' என்னும் பெயரையும் அவர் எடுத்துச் செல்ல இயலவில்லை; ஒப்பந்தப்படி அது அவருடையதன்று. 'லூக் தொமினிக்' என்று புதுப்பெயர் பூண்டு பாடினார். உலகம் கேட்கவில்லை. பெயரும் சீருடையும் நீங்கியபின் அதே குரலை விலைகொடுத்து வாங்க ஆளில்லை! 1967-இல் கருத்தடை மாத்திரையைப் போற்றி ஒரு பாட்டுப் பாடினார். அக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. மறு ஆண்டே திருத்தந்தை ஆறாம் பவுல் 'மனித உயிர்' என்னும் சுற்றுமடலில் திருச்சபையின் போதனையைத் தெளிவுபடுத்தினார். ஆயினும் அப்பாட்டொன்றையே நினைவில் வைத்து அவரை எடைபோடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. தம் தோழி ஆனி பெஷேயுடன் சேர்ந்து, மன இறுக்கம் கொண்ட குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியதும் அவரே.

எழுபதுகளில் பெல்ஜிய அரசின் வரித்துறை கணக்குக் கேட்டது: உம் பாட்டு இவ்வளவு ஈட்டியதே, வரி எங்கே? பணம் சபைக்குச் சென்றது என்றார் அவர். பற்றுச்சீட்டு எங்கே என்றனர். கீழ்ப்படிதலின் பேரில் கொடுத்தவர் எவர் பற்றுச்சீட்டு வாங்கி வைப்பார்? கோரிய தொகை அறுபதாயிரம் டாலருக்கும் மேல். 1982-இல் அதே சாமிநாதர் பாட்டை நடன இசைக்கேற்பத் துள்ளலாக மாற்றிப் பாடிப் பார்த்தார். கடனை அடைக்க அது உதவவில்லை. பள்ளியும் நிதியின்றி மூடப்பட்டது.

சபையார் அவரை முற்றிலும் கைவிட்டனர் என்று எழுதுவோர் உளர். அது முழு உண்மையன்று. அவர் வெளியேறியபின் ஓரளவு பணம் கொடுத்தனர், குடியிருக்க ஓர் இல்லம் அமைய அது உதவிற்று. திருச்சபைச் சட்டத்தின் 702-ஆம் எண் இரண்டு பகுதிகளை உடையது. சபையை விட்டுச் செல்வோர் அங்குச் செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கேட்க இயலாது என்பது முதற்பகுதி. சபையோ அவர்பால் நேர்மையும் நற்செய்தியின் அன்பும் காட்டக் கடவது என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியை மனப்பாடமாய் ஒப்பிப்போர் பலரைக் கண்டிருக்கிறேன். இரண்டாம் பகுதிக்கு அளவுகோல் எது? எவ்வளவு ஆண்டு? வரித்துறையின் கடிதம் வரும் நாளிலும் அது செல்லுமா? சட்ட நூலில் விடை இல்லை.

இது பெல்ஜியத்தாரின் கதை மட்டுமன்று. பத்து ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு மடத்திலிருந்து வீடு திரும்பும் பெண்களைப் பங்குப் பணியில் நானும் சந்தித்திருக்கிறேன். கையில் ஒரு பெட்டி, படித்த படிப்பு, அவ்வளவே. மடத்திற்கு அனுப்பிய அன்று ஊர்கூடிப் பூசை ஒப்புக்கொடுத்து விருந்துண்டவர்கள், திரும்பிய அன்று சன்னலை மட்டும் திறந்து பார்ப்பார்கள். 'மடத்தை விட்டு வந்தவள்' என்னும் பெயர் அவள் தம்பி தங்கையர் திருமணப் பேச்சிலும் தொடரும். வார்த்தைப்பாட்டினின்று முறைப்படி விடுதலை பெற்றவர் எவ்விதக் குற்றமும் செய்தவரல்லர் என்று நான் பீடத்தில் நின்று சொன்னபோது, சிலர் முகம் சுளித்ததையும் கண்டேன்.

1985 மார்ச் 29, குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளி. அன்று ஜானினும் ஆனியும் கடன் சுமையும் மனச்சோர்வும் தாளாமல் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். ஜானினுக்கு வயது ஐம்பத்தொன்று. தாங்கள் விசுவாசத்தை இழக்கவில்லை என்றும், திருச்சபையின் சடங்கோடு ஒருங்கே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தனர். 1917-ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தே தற்கொலை செய்துகொண்டோர்க்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்திருந்தது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் சுவருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குழிகளை முதியோர் அறிவர். 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கியது. உள்ளத்தின் கடும் துன்பமும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், இத்தகையோரின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் மனம் திரும்ப வாய்ப்பளிக்க வல்லவர் என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. இவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது.

பெல்ஜியத்தின் வாவ்ரு நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைகளை மந்திரிக்கும்போது, பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்வது நம் வழக்கம். சென்ற சில ஆண்டுகளாக, அவ்விடத்தில் நான் இவர்கள் இருவரின் பெயரையும் மனத்திற்குள் சேர்த்துக்கொள்கிறேன்.