பிடித்த விடை

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. படத்தைத் திருத்தவில்லை, தரவைப் புனையவில்லை. விசாரணைக் குழு போட்டுத் துருவினாலும் என்மீது குற்றம் சாட்ட எதுவும் அகப்படாது. ஆனாலும் அதில் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

நமக்கு அருகிலுள்ள பெரிய விண்மீன் திரள்கள் அநேகமாக எல்லாவற்றின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை உண்டு. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது சூரியனைப் போல 40 லட்சம் மடங்குக்குச் சற்றே அதிகமான நிறை கொண்டது. கருந்துளையின் நிறையும், அதைச் சூழ்ந்த நடுப்புடைப்பில் விண்மீன்கள் அலையும் வேகமும் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. புடைப்பின் நிறையில் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை கருந்துளைக்கு. அவ்வளவு சிறிய ஒன்று அவ்வளவு பெரிய திரளோடு எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறது? கருந்துளை முந்தி வளர்ந்து, திரள் பிறகு எட்டிப் பிடித்ததா? இரண்டும் சேர்ந்தே வளர்ந்தனவா? விடை வேண்டுமென்றால் வெகு தொலைவுக்குப் பார்க்க வேண்டும். அங்கிருந்து இன்று வந்து சேரும் ஒளி பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியது.

என் வேலை அந்தத் தொலைவிலுள்ள குவாசர்களை எடைபோடுவது. கருந்துளையில் விழப்போகும் வாயு சூடேறி, தன் திரளின் விண்மீன்கள் அத்தனையையும் விட அதிகமாக ஒளிர்வதுதான் குவாசர். கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வேகம் நிறமாலைக் கோடுகளின் அகலத்தில் தெரியும். அந்த வாயு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் குவாசரின் பிரகாசத்திலிருந்து கணிக்கலாம். இரண்டையும் சேர்த்தால் நிறை வந்துவிடும். மூன்று மடங்கு கூடவோ குறையவோ போவது இந்த முறையில் சாதாரணம். திரளை எடைபோடுவது இன்னும் கடினம். குவாசரின் கண்கூசும் ஒளியைப் படத்திலிருந்து கழித்த பிறகு மங்கலாக மிஞ்சுவதுதான் திரள். கொஞ்சம் அதிகமாகக் கழித்துவிட்டால் திரள் இளைத்துப்போகும். அதற்கு முன்னால் கருந்துளை பருத்துத் தெரியும்.

எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டபோது கோடு அழகாக ஏறியது. காலத்தில் பின்னே போகப் போக, கருந்துளைகள் தங்கள் திரளுக்கு மீறிய கனத்தோடு இருந்தன. கருந்துளைதான் முந்திக்கொண்டது என்று சொல்லிவிடலாம். என் ஒப்பந்த வேலை முடியும் தறுவாயில் இருந்தது. அந்தக் கோடு எனக்கு வேண்டியிருந்தது.

நான் செய்தது இதுதான். சில குவாசர்கள் கோட்டுக்கு வெகு கீழே விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தேன். ஒன்றில் தூசு மறைத்திருந்தது, இன்னொன்றில் பின்னணி வானத்தைச் சரியாகக் கழிக்கவில்லை, வேறொன்றில் பக்கத்து விண்மீனின் ஒளி கலந்திருந்தது. எல்லாமே உண்மையான காரணங்கள். நியாயமாகவே நீக்கினேன். கோட்டுக்கு மேலே இருந்தவற்றை மட்டும் அப்படி எடுத்துப் பார்க்கவேயில்லை. அதே தூசும் அதே கழித்தல் பிழையும் அங்கேயும் இருந்திருக்கும் என்று தெரியாமல் இல்லை. பிடிக்காத விடையைக் குறுக்கு விசாரணை செய்தேன், பிடித்த விடையை விசாரிக்காமலே விடுவித்தேன்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்றும் இருந்தது. ஆர்தர் எடிங்டன் 1939இல் வெளியான தன் நூலில் ஒரு மீன் ஆராய்ச்சியாளரைப் பற்றி எழுதுகிறார். இரண்டு அங்குலக் கண்ணுள்ள வலையை வீசி, கிடைத்ததை அளந்துவிட்டு, கடலில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த உயிரே இல்லை என்று முடிவு கட்டுகிறார் அவர். இந்தக் கதையை நான் வகுப்பில் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். தொலைதூர வானத்தில் நம் வலைக்குச் சிக்குவது பிரகாசமான குவாசர்கள் மட்டும். பிரகாசம் அதிகமென்றால் பெரும்பாலும் கருந்துளையும் கனமானது. ஒரே அளவுள்ள திரள்களில் சராசரிக் கருந்துளை கொண்டவை கண்ணில் படாமல் போக, அசாதாரணமாகக் கனத்தவை மட்டும் பட்டியலில் ஏறும். போதாததற்கு, சிறிய கருந்துளைகள் ஏராளம், பெரியவை சொற்பம். அளவீட்டுப் பிழையால் சிறியது பெரியதாகத் தெரியும் வாய்ப்பு, பெரியது சிறியதாகத் தெரிவதைவிடக் கூடுதல். அருகில் உள்ளவற்றோடு இவற்றை ஒப்பிட்டால், எந்தப் பரிணாமமும் நடக்காவிட்டாலும் கோடு ஏறத்தான் செய்யும். டாட் லாவரும் சக ஆய்வாளர்களும் 2007இல் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். அதை நான் படித்திருந்தேன். என் கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் அது இருக்கிறது.

இதழின் மதிப்பீட்டாளர் இதைத்தான் கேட்டார்: தேர்வுச் சாய்வைக் கணக்கில் எடுத்தீர்களா? எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் செயற்கையாக ஒரு வானத்தை உருவாக்கி, அதில் என் வலையை வீசிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். காலம் மட்டும் தடையாக இருந்திருந்தால் அப்படியே பதில் எழுதியிருப்பேன். விடை என்னவாக வருமோ என்ற பயம்தான் பெரிய தடை. முடிவுரையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: இந்தச் சாய்வு மட்டுமே முழு ஏற்றத்தையும் விளக்கிவிடும் என்று கருத இடமில்லை. பக்கத்தில் லாவரின் கட்டுரையைக் குறிப்பிட்டேன். எதையும் கணக்கிடாமல், கணக்கிட்டவனின் தொனியில் எழுதிய வாக்கியம் அது. மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். பிறகு பொது மேடைகளில் பேசியபோது அந்த ஒரு வாக்கியமும் உதிர்ந்துவிட்டது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் வரத் தொடங்கியதும் நான் உள்ளூர மகிழ்ந்தேன். பெருவெடிப்புக்குப் பின் முதல் 150 கோடி ஆண்டுகளைச் சேர்ந்த பல கருந்துளைகள், அவற்றின் திரள்களோடு ஒப்பிட்டால் இருக்க வேண்டியதைப் போலப் பத்து முதல் நூறு மடங்கு கனத்தவை என்று ஃபேபியோ பக்கூச்சியின் குழு 2023இல் எழுதியது. தேர்வுச் சாய்வையும் கணக்கிட்ட பிறகே அப்படிச் சொன்னார்கள். நான் அன்றே சொன்னேனே என்று இரண்டொருவரிடம் சொல்லியும் விட்டேன். அடுத்து வேறொரு குழு, சாய்வையும் அளவீட்டுப் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் இவை இன்றைய விகிதத்துக்கு முரணானவை அல்ல என்று வாதிட்டது. வெப் கண்டெடுத்த ‘சிறு செந்நிறப் புள்ளிகள்’ எனப்படும் தொலைதூரப் பொருள்களில் நிறமாலைக் கோடுகள் அகன்றிருப்பதற்கு வேகம் மட்டும் காரணமல்ல, எலெக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதும் காரணம்; ஆகவே அவற்றின் நிறைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்கின்றன சில புதிய ஆய்வுகள். வழக்கு இன்னும் முடியவில்லை. நாளை என் பக்கமே தீர்ப்பு வந்தாலும் அதில் எனக்குப் பங்கு கிடையாது. விடை சரியா என்று பார்க்க வேண்டிய இடத்தில் நான் பார்க்கவில்லை.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதற்கு என் துறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், வாயு மேகங்கள் நேரடியாகச் சரிந்து தொடக்கத்திலேயே கனமான கருந்துளை விதைகளாகலாம் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அது உண்மையானால் வெப் தொலைநோக்கியிலும் எக்ஸ்-கதிரிலும் என்னென்ன அடையாளம் தெரிய வேண்டும் என்பதை, வெப் விண்ணுக்குப் போவதற்கு முன்பே, 2017இல் அவரும் சகாக்களும் எழுதி வைத்தார்கள். தப்பினால் எல்லோருக்கும் தெரியும்படி. 2023இல் யூஹெச்இசட்1 என்ற திரளில், பெருவெடிப்புக்குப் பின் சுமார் 47 கோடி ஆண்டில், அந்த அடையாளங்கள் கொண்ட கருந்துளை கண்டறியப்பட்டது. நான் கோடு வந்த பிறகு கதை எழுதினேன். கதைக்கு ஒத்துவராத புள்ளிகளை அழித்தேன்.

தள்ளிப்போட்ட அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்த்துவிட்டேன். செயற்கை வானத்தில் எந்தப் பரிணாமமும் வைக்காமல் என் வலையை வீசினாலும் ஏற்றத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. மிஞ்சுவதைப் பிழை வரம்பு விழுங்கிவிடுகிறது. இதைப் பழைய கட்டுரையின் பெயரைச் சொல்லியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று நீக்கிய குவாசர்களின் பட்டியலும், அதே அளவுகோலில் நீக்கியிருக்க வேண்டிய மற்றவற்றின் பட்டியலும் அதில் இருக்கும். இதனால் என் வேலை போகாது. அந்தக் கோட்டை வைத்து நிரந்தரப் பணி வாங்கிய பிறகுதான் இந்தத் துணிச்சல் வந்தது. அதையும் சேர்த்தே இந்த வாக்குமூலத்தைப் படிக்க வேண்டும்.