இரண்டு பேரா, ஏழு பேரா?

பிரெஞ்சுப் பள்ளியில் குடிமைப் பாடம் நடத்திய மிசியே ஒருமுறை சொன்னார்: பிரான்சில் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கம். 1901 ஜூலை முதல் தேதிச் சட்டம் அப்படி. படம் வரையலாம், கத்திச்சண்டை பழகலாம், பெத்தாங்க் குண்டு போடலாம். பிற்காலத்தில் அரசு எழுத்தராகிக் கோப்புகளோடு காலம் தள்ளியபோது நம் ஊர்ச் சட்டம் கண்ணில் பட்டது. 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம். அதில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அன்று சிரித்துக்கொண்டேன். இன்று அந்த ஏழு பேரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. மாலை ஐந்தரைக்கு அங்கே சிலம்ப வகுப்பு நடக்கிறது. வாத்தியார் பகலில் கொத்தனார். சாரத்திலிருந்து இறங்கி, கைகால் கழுவிக்கொண்டு நேரே வந்துவிடுவார். இருபது பிள்ளைகளுக்குக் குறையாது, பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் சனிக்கிழமைகளில் படம் வரையச் சொல்லித்தருகிறார். கம்பு சுற்றிய பிள்ளைகளே வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கே போய் உட்காரும். தாள் நனைகிறதென்று அந்த அம்மா திட்டுவார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாஹே ஞாபகம் வரும். புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மாற்றல் என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். 1997இல் எனக்கு மாஹே. ஒன்பது சதுர கிலோமீட்டர் ஊர். அரை மணி நேரம் நடந்தால் கேரளத்துக்குள் போய்விடலாம். குடும்பம் இங்கே, நான் அங்கே. மாலையில் என்ன செய்வது? நடப்பேன். பாலம் தாண்டினால் நியூ மாஹே. அங்கே மலையாள கலாகிராமம் இருக்கிறது. சென்னையில் தொழில் செய்த ஏ.பி. குஞ்ஞிக்கண்ணன் முன்னின்று தொடங்கியது. ஓவியர் எம்.வி. தேவன் கூட நின்று வளர்த்தார். தேவன் நம் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஓவியம், சிற்பம், இசை, நடனம் எல்லாம் அங்கே உண்டு. ஊர்ப் பிள்ளைகள் தூரிகையோடு உட்கார்ந்திருப்பதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரும் என்னை என்ன வேண்டும் என்று கேட்டதில்லை.

களரி பார்த்ததும் அந்தப் பக்கத்தில்தான். தரையைத் தோண்டிப் பள்ளமாக்கிய கூடம், 42 அடி நீளம், 21 அடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படியாகப் பூத்தறை. வலது காலை வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பயிற்சி. முதலில் மெய்த்தாரி, வெறும் உடம்புப் பயிற்சி. அப்புறம்தான் கோல், அதற்கும் அப்புறம் வாளும் கேடயமும். குருக்கள் ராகம் மாதிரி ஆணைகளைச் சொல்லிக்கொண்டே போவார், பிள்ளைகள் அதற்குத் தகுந்தபடி பாய்வார்கள். காலடிக்கு அவர்கள் சொல்லும் பெயர் சுவடு. எவ்வளவு நல்ல தமிழ்! பக்கத்து வடகரையில் மீனாட்சி அம்மா எழுபது வயதுக்கு மேலும் வாள் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, 2017இல் பத்மஸ்ரீ வாங்கினார். கட்டணம் கிடையாது, தட்சிணை மட்டும்தான் என்பது அந்தக் களரியின் வழக்கம்.

தட்சிணை என்று சொல்வது நமக்குச் சுலபம். எங்கள் கொத்தனார் வாத்தியார் மாதம் இருநூறு ரூபாய் கேட்கிறார். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதில்லை. கொடுக்க முடிந்தவர்கள் சிலர்தான் மூன்று மாதம் பாக்கி வைக்கிறார்கள். வண்டியில் வந்து இறங்கிப் பிள்ளையை விட்டுப் போகிறவர்கள்! இன்னொரு கேள்வியும் எனக்குப் பிடிப்பதில்லை: "சர்ட்டிபிகேட் குடுப்பீங்களா மாஸ்டர்?" விளையாட்டு ஒதுக்கீட்டு ஆசை. தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் ஒரு வேலைக்காகத்தான் படித்தேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சேர்ந்த மூன்றாம் வாரமே தாள் கேட்டால்? நெற்றி உயரக் கம்பைக் கண் பார்க்காமல் கை மாற்றவே எவ்வளவு நாள் ஆகும் என்று அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இப்போது மனை விற்றுப்போய்விட்டது. தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுகிறார்கள். வாங்கியவர் நல்ல மனிதர், அதுவரை நடத்திக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்துப் பள்ளி மைதானம் மாலையில் சும்மா கிடக்கிறதே என்று தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். தனி ஆளுக்குக் கொடுக்க முடியாது ஐயா, பதிவு செய்த சங்கம் என்றால் மேலே எழுதுகிறேன் என்றார். நியாயம்தான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் கோப்பில் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே விதிமுறைகளை நானே எழுதிவிட்டேன், நான்கு பக்கம். இத்தனை வருடக் குறிப்பெழுதிய கை, ஒரே ராத்திரியில் முடிந்தது. கட்டணம் இருநூறு, முடியாதவர்களுக்கு இல்லை. யார் கொடுக்கவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும் தெரியும். வசூலில் முதல் செலவு வாத்தியாருக்கும் ஓவிய அம்மாவுக்கும். மிச்சமிருந்தால் கம்பு, வண்ணம், தாள். கோப்பை வாங்கும் செலவு என்று எதுவும் இல்லை. கடைசி வரியை வாத்தியாருக்குப் படித்துக் காட்டியபோது, "ஒண்ணு ரெண்டாவது இருக்கட்டுமே ஐயா, புள்ளைங்க ஆசைப்படும்" என்றார். சரி, வருடத்துக்கு இரண்டு என்று மாற்றிவிட்டேன்.

கையெழுத்து ஐந்து ஆகிவிட்டது. நான், வாத்தியார், ஓவிய ஆசிரியை, மருந்துக் கடைக்காரர், பிரான்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டு சொல்தா. ரத்தம் சூடாகி அவரே கம்பெடுத்துச் சுற்றப் பார்க்கிறார், வயது எழுபத்தெட்டு. இன்னும் இரண்டு பேர் வேண்டும். முத்தியால்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் ஐந்தரை மணிக்கு மனைக்கே வந்துவிடுங்கள். அடையாள அட்டை நகல் ஒன்று போதும், பேனா நான் வைத்திருக்கிறேன்.