உண்டி ஆற்றுப்படை

எம்மூர்ப் பக்கம் வந்தால் எங்கே உண்ணலாம் என்று விடுதி நண்பர் பலர் என்னை வினவுவதுண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன், பெறாத பாணனை எதிர்ப்பட்டு, இன்னாரிடம் செல்க, இவ்வழியே செல்க என விடுப்பது ஆற்றுப்படை. ஏழாயிரம்பண்ணையிற் பிறந்து, பத்தொன்பது ஆண்டாக அவ்வட்டாரத்துக் கடைத்தெருக்களில் உண்டு திரிந்த எனக்கும் அவ்வுரிமை ஒருவாறு உண்டெனக் கருதி, இதனை எழுதத் துணிந்தேன்.

சாத்தூரில் இறங்குவோர் முதற்கண் நாடத்தக்கது சேவுக்கடை. கடலைமாவும் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் பூண்டும் கூட்டிப் பிசைந்து, துளையிட்ட கரண்டியில் தேய்த்து, கொதிக்கும் எண்ணெயில் உதிர்ப்பர். பெட்டியில் அடைத்து வைத்ததனை வாங்கற்க. அடுப்பினின்றும் இறங்கிய சூட்டோடு தாளிற் பொதிந்து தரும் கடையே கடை. காரம் மிகுமாயின், தாய்மார் கூறுகட்டி விற்கும் வெள்ளரிப்பிஞ்சே அதற்கு மருந்து.

இக்காரத்தைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். மிளகாய் நம் நாட்டுப் பொருளன்று. மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளிற் பல்லாயிரம் ஆண்டு பயின்றிருந்து, 1492-இல் கொலம்பஸ் அப்பக்கம் சென்றதன் பின்னர், போர்த்துக்கீசியர் கப்பலேறி நம் கரை சேர்ந்தது. சங்க நூல்களிற் 'கறி' எனப்பட்டது மிளகே. அம்மிளகு போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் எனப் பெயரிட்டு, வேற்று நாட்டு விருந்தினை நம் முன்னோர் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர். இன்று 'சாத்தூர் சம்பா' என்று ஒருவகை மிளகாய்க்கு எம் வட்டாரப் பெயரே வழங்குகின்றது. மெக்சிகோ உணவு உண்ணப் பெருநகர் தேடும் நண்பர் இதனைச் சிறிது நினைவு கூர்வாராக!

1923 வரை விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர், எண்ணெய்க்கும் பருப்புக்கும் பெரியதொரு சந்தை. எண்ணெய் மலிந்த ஊர் ஆதலாற் போலும், பிறவூரார் கல்லில் வாட்டும் பரோட்டாவை இவ்வூரார் எண்ணெயிலே பொரித்தெடுக்கின்றனர். 'பர்மா கடை' இதற்குப் பேர்போனது. மேலே முறுகலும் உள்ளே மென்மையுமான அதனைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவிடல் வேண்டும். சுக்காவிற்காகச் செல்வாரும் உளர். யான் சால்னாவிற்காகவே செல்வேன். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டமையின், அதனை யான் புகழவேண்டுவதில்லை.

சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்தார் மீனும் மருத நிலத்தார் சோறும் பாணனுக்கு விலையின்றி அளிப்பர். மேற்சொன்ன கடைகளிலோ காசு கொடுத்தே உண்ணவேண்டும். அவ்வாறன்றி நின்ற ஒரு கடையும் உண்டு. அது எம்மூரிற் பெயர்ப்பலகையும் இல்லாத கூரைக்கடை; இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. மெய் சொல்லின், அங்கே சட்னி நீர்த்திருக்கும்; இட்டலியும் சில நாட் கல்லாகும். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்வோர் விடியுமுன் தூக்குவாளியோடு அதன் வாயிலில் நிற்பர். கூலி சனிக்கிழமையே வருமாதலின், வாரமெல்லாம் உண்டது நோட்டில் ஏறும்.

2018 அக்டோபரிற் பேரியம் உப்புச் சேர்ந்த பட்டாசுகட்குத் தடை வந்தது. அதன்பின் ஆலைகள் சில திங்கள் மூடிக்கிடந்தன. சனிக்கிழமைகள் வந்தன, கூலி வரவில்லை. வேலையிழந்தோருள் எம் தந்தையாரும் ஒருவர். கடன் கேட்க அவர் நாணியமையின், தூக்குவாளியோடு யானே விடுக்கப்பெற்றேன். கடைக்கார அண்ணாச்சி நோட்டைத் திறந்து எழுதுவார். "அப்பாவைக் கேட்டதாச் சொல்லு தம்பி" என்பதன்றி வேறொன்றும் சொல்லார். எங்கள் தெருவில் அந்நோட்டில் ஏறாத வீடு அரிது. மாவுக்கும் எண்ணெய்க்கும் அவர் தாமே கடன்பட்டிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. எம் வீட்டுக் கணக்குத் தீர ஓராண்டிற்கு மேலாயிற்று. அதுவரை ஒருநாளும் அவர் வட்டி பேசிற்றிலர்.

சாத்தூரினின்று ஏழாயிரம்பண்ணைப் பேருந்தேறி இறங்கி, அண்ணாச்சி கடை எதுவென்று எவரை வினவினும் காட்டுவர். காலை ஏழு மணிக்குமுன் செல்க. பின்னர் இட்டலி இராது.