மூன்று படிகளும் ஒரு குரலும்

களப்பணியில் பதிவுசெய்த பேச்சுக் கோப்புகளை எங்கள் ஆய்வகத்தின் ஹடூப் கோப்பு முறைமையில் வைத்திருக்கிறேன். நான்கு கணினிகளும் 90 விழுக்காடு நிறைந்தபோது, அதே கொள்ளளவில் இரண்டு புதியவற்றை இணைத்தோம். பழைய கோப்புகள் தாமாக அங்கே பரவும் என்று நம்பினேன். மறுநாளும் அவை ஏறத்தாழ வெறுமையாகவே இருந்தன. ஏற்கெனவே உள்ள தரவுத் துண்டுகளை இம்முறைமை தானாக இடம் மாற்றாது. சமன்செய்யும் நிரலை நாமே இயக்க வேண்டும்.

அது மெதுவாகவே நகர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள 3 படிகளை ஒன்றாகக் குறைத்தால் உடனே இடம் கிடைக்கும் என்றார் நண்பர். கட்டளையைத் தட்டச்சும் செய்துவிட்டேன். அக்கோப்புகளுள் ஒன்று, சென்ற ஆண்டு மறைந்த மூதாட்டி ஒருவரின் குரல். வெளியே வேறு பிரதி எடுத்து வைக்காதது என் பிழை. கட்டளையை அழித்தேன்.

சமன்செய்யும் நிரலோ புதிய இடத்தில் படியெடுத்த பின்னரே பழைய படியை நீக்குகிறது. எங்கள் சராசரி 60 விழுக்காடு. இயல்பு அமைப்பின்படி ஒவ்வொரு கணினியும் 50க்கும் 70க்கும் இடையே வந்தாலே அதற்குப் போதும். முழுச் சமத்தை அது தேடுவதில்லை.

காத்திருந்த இரவில் அக்குரலை வெளிவட்டு ஒன்றிலும் படியெடுத்தேன். ஆய்வு நண்பர்களே, இடம் போதாதபோது படிகளைக் குறைக்குமுன் ஒருமுறை அந்தக் கோப்பைத் திறந்து கேளுங்கள்.