அபராதம் எழுதுவதற்கு முன்

செமஸ்டர் முடிவில் அட்டென்டன்ஸ் குறைந்தவர்கள் பட்டியலைத் துறை வாசலில் ஒட்டுவோம். 75 சதவீதம் இல்லையென்றால் கண்டோனேஷன் என்ற அபராதக் கட்டணம் கட்டினால்தான் பரீட்சை. பட்டியலில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "அப்பா இறந்துட்டார் மேடம். நைட்டு பரோட்டா கடைக்குப் போறேன்" என்றான். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். கூடப் படிக்கும் யாருக்கும் தெரியாது.

வீட்டில் சாவு, கடன், அப்பாவின் குடி, சின்ன வயதில் நடந்த அத்துமீறல் என்று எதையெதையோ சுமந்துகொண்டுதான் பல பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தூக்கம் கெடும், கவனம் சிதறும், சட்டென்று கோபம் வரும். நாம் அதற்குத் திமிர், சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் இருக்கிறாரா? பெற்றோர்களே, கேளுங்கள்.

தம்பி, தங்கைகளே, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆசிரிய நண்பர்களே, அபராதம் எழுதுவதற்கு முன் "வீட்ல எல்லாம் எப்படிப்பா இருக்காங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.